இரண்டாம் சாசனத்தின் எழில்

உத்திரமேரூர் என்றதும் குடவோலை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சற்று நின்று பாருங்கள். வைகுண்டப் பெருமாள் கோயிலின் கருங்கல்லில் இந்தக் குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்லும் சாசனங்கள் இரண்டு. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919இல், ஊர்ச் சபை, ஏரி, தோட்டம் போன்றவற்றைக் கவனிக்கும் வாரியங்களின் தேர்வுக்கு விதி வகுத்தது. இரண்டே ஆண்டில், 921இல், மீண்டும் கூடி அந்த விதியைத் தொட்டுத் துலக்கியது. எனக்கு அந்த இரண்டாவதின் மேல்தான் தீராத காதல்.

பழையதை அவர்கள் உடைத்தெறியவில்லை. ஊரின் 30 குடும்புகள், அதாவது வட்டங்கள், அப்படியே நிற்கின்றன. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்பதும் நிற்கிறது. வயதை மட்டும் பாருங்கள்: 30 முதல் 60 வரை என்றிருந்தது 35 முதல் 70 வரை ஆகிறது. எத்தனை நாசூக்கான நகர்த்தல்! ஏரியையும் தோட்டத்தையும் ஒப்படைக்கக் கொஞ்சம் நரை தேவை என்று நினைத்தார்கள் போலும்.

என் கண் விலக மறுக்கும் இடம் ஓலை எடுக்கும் காட்சி. கூட்டத்தில் பெரியவரும் சிறியவரும் இருக்கிறார்கள். கோயில் பூசகர்களான நம்பிமாருள் மூத்தவர், குடும்புவாரியாகக் கட்டிய பெயர் ஓலைகள் உள்ள குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்துகிறார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலகன் ஒரு கட்டை எடுக்கிறான். எடுத்த கட்டை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலை. அதை மத்தியஸ்தர் வாங்கும் விதம்தான் அற்புதம்: ஐந்து விரலும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏந்த வேண்டும். மறைக்க ஒரு மடிப்பும் இல்லாத கை! அவர் வாசித்த பெயரை அங்கிருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் மறுபடி வாசிக்க வேண்டும். ஒரு கையின் விரிவைக்கூடச் சட்டமாக்கிய அந்த நுட்பத்தை என்னென்று புகழ்வது!

கணக்குக் காட்டாதவரை விலக்கும் பகுதியும் இதே அழகுடையது. அவரோடு விலக்கப்படுவோரை உறவினர் என்ற ஒற்றைச் சொல்லோடு அது நிறுத்தவில்லை. சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று ஒவ்வோர் உறவாகப் பெயர் சொல்லிக் கதவடைக்கிறது. எந்தச் சந்தில் யார் நுழைவார் என்று ஊரை அறிந்தவர்கள் எழுதிய பட்டியல் இது. நிலமற்றவர்க்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். அந்தத் திருத்தம் வரப் பல நூற்றாண்டுகள் ஆயின.

போகிறவர்கள் காலையிலோ மாலையிலோ போங்கள். சாய்வெயிலில்தான் வெட்டெழுத்து நன்றாகத் துலங்கும். படித்துச் சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். 12ஆம் ஆண்டுச் சாசனத்தை முதலில் கேட்டுவிட்டு, 14ஆம் ஆண்டினதற்கு வாருங்கள்.