புண்ணுக்குச் சிவப்பு வெளிச்சம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமியன்று செருப்பில்லாமல் சுற்றுவோரில் சர்க்கரை நோயாளிகளும் உண்டு. கால் மரத்திருந்தால் கல் குத்தியதே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும்.

அப்படிக் குத்தி ஆறாமல் போகும் புண்ணுக்குப் பாய்ச்சும் குறைந்த சக்தி லேசரை நான் வியந்து ரசிக்கிறேன். சுடாது, வெட்டாது. 1960-களில் புடாபெஸ்ட் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழித்த சுண்டெலிகள்மேல் லேசர் பாய்ச்சினார். மயிர் சீக்கிரம் முளைத்தது! பிறகுதான் புண்களுக்கு வந்தார். சிவப்பொளியை உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சுவதால் திசு வளரத் தூண்டப்படுகிறது என்பது விளக்கம்.

சீழ் வைத்த புண்ணைக் கழுவுவதும், மருந்தும், சர்க்கரைக் கட்டுப்பாடும்தான் முதலில். கிருமியைக் கொல்ல இந்த ஒளி மட்டும் போதாது. மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைத் தடவி ஒளி பாய்ச்சும் முறை அதற்கென்றே இருக்கிறது.