ஸ்பானிய கிட்டார்: பெயரும் பொருளும்

ஸ்பானிய கிட்டார் என்பது இன்று பொதுவாக, நைலான் தந்திகள் பூட்டி விரல்களால் மீட்டப்படும் ஆறு தந்திக் கிட்டாரைக் குறிக்கும் பெயர். கடந்த நான்கு நூற்றாண்டுகளில் இப்பெயர் ஒன்றுக்கொன்று வேறான பல கருவிகளைச் சுட்டியிருக்கிறது. ஸ்பெயினில் பொதுப்பேச்சில் ‘கிட்டாரா’ என்றாலே போதும். வேறொரு கிட்டாரிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில்தான் ‘ஸ்பானிய’ என்னும் அடைமொழி தேவைப்படுகிறது. ஆகவே இச்சொல்லைக் காணும்போது, எந்தக் கிட்டாரிலிருந்து பிரித்துக் காட்ட அது சொல்லப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சொல்லின் தோற்றம்

‘கிட்டாரா’ என்னும் சொல் கிரேக்க ‘கிதாரா’விலிருந்து அரபு மொழி வழியாக ஸ்பானியத்தை அடைந்தது. இதைக் கொண்டு, கிட்டார் அரபுக் கருவியான ஊத்திலிருந்து பிறந்தது என்று சிலர் எழுதுகின்றனர். சொல் வந்த வழியிலேயே கருவியும் வந்தது என்று கொள்வதற்கில்லை. ஊத்தின் நேரடி வாரிசு ஐரோப்பிய லூட். பேரிக்காயைப் பாதியாகப் பிளந்தது போன்ற முதுகு இவ்விரண்டுக்கும் பொது. இடை குறுகிய கிட்டாரின் உடலமைப்பு வேறு.

16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் மேட்டுக்குடியினர் விரும்பிய கருவி விஹுவேலா. லூயிஸ் டி மிலான் அதற்கான நூலை 1536-இல் வலென்சியாவில் வெளியிட்டார். அப்போது கிட்டார் நான்கு இணைத் தந்திகள் கொண்ட சிறிய கருவி. 1546-இல் செவில்லில் வந்த அலோன்சோ முதாராவின் விஹுவேலா நூலில் அதற்கும் சில பாடங்கள் இடம்பெற்றன. அந்நூற்றாண்டின் இறுதியில் ஐந்து இணைத் தந்திக் கிட்டார் பரவியபோது இத்தாலியர் அதை ‘ஸ்பானிய கிட்டார்’ என்று அழைத்தனர். தங்களிடம் ஏற்கெனவே இருந்த சிறிய கிட்டாரிலிருந்து அதைப் பிரித்தறிவதே நோக்கம். 1606-இல் ஃபுளோரன்ஸில் மொண்டெசார்தோ வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இப்பெயர் உள்ளது. ஸ்பெயினிலும் கஸ்பார் சான்ஸ் 1674-இல் தம் பாடநூலுக்கு இப்பெயரையே இட்டார்.

இக்கருவியை அரசவைகளுக்குக் கொண்டுசென்ற கொர்பெத்தா இத்தாலியர்; பதினான்காம் லூயியின் அவையில் வாசித்த ராபர்ட் டி விசே பிரெஞ்சுக்காரர். பெயரில் ஸ்பெயின் நின்றுவிட்டாலும், அன்றே இக்கருவியின் இசை பல நாடுகளின் கையில் வளர்ந்தது.

ஒப்பீட்டால் மாறிய பொருள்

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ‘ஆங்கிலக் கிட்டார்’ என்ற உலோகக் கம்பிக் கருவி புகழ்பெற்றிருந்தது. ஆகவே அடுத்த நூற்றாண்டில் அங்கு வந்த ஆறு தந்திக் கிட்டார் ‘ஸ்பானிய’ அடைமொழியைப் பெற்றது. இத்தாலியக் கருவிக் கைவினைஞர் குடும்பத்தில் பிறந்து லண்டனில் தொழில் செய்த லூயி பனோர்மோ, ஸ்பானிய பாணியில் கிட்டார் செய்பவர் தாம் ஒருவரே என்று தம் கருவிகளின் முகப்புச் சீட்டில் அச்சிட்டார். ஸ்பெயினை ஒட்டிய போர்ச்சுகலில் ‘கிட்டாரா’ என்றால் ஃபாடோ இசைக்குரிய பன்னிரு கம்பிக் கருவி. ஸ்பானிய வடிவத்துக்கு அங்கே ‘வியோலா’ என்று பெயர்.

20-ஆம் நூற்றாண்டில் ஹவாய் கிட்டார் பரவியதும் பொருள் மீண்டும் மாறியது. மடியில் கிடத்தி, எஃகுத் தண்டைக் கம்பிமேல் நகர்த்தி வாசிப்பது ஹவாய் முறை. மார்போடு அணைத்து, விரலால் தந்தியை அழுத்தி வாசிப்பது ஸ்பானிய முறை ஆயிற்று. 1936-இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட ஈ.எஸ்.-150 மின்கிட்டாரின் பெயரில் உள்ள ‘எஸ்’ ஸ்பானிய என்பதைக் குறிக்கிறது. எஃகுக் கம்பி பூட்டி ஜாஸ் இசைக்குப் பயன்பட்ட அக்கருவியில், ஸ்பானியம் எனத்தக்கது பிடித்து வாசிக்கும் முறை மட்டுமே.

இந்தியாவில் கொல்கத்தா போன்ற நகரங்களில் ஹவாய் கிட்டார் பெரும் செல்வாக்குப் பெற்றதால், இங்கும் அதே பாகுபாடு நிலைத்தது. எஃகுக் கம்பிக் கிட்டாரையும் ‘ஸ்பானிஷ் கிட்டார்’ என்னும் வழக்கம் இப்பின்னணியில் புரிந்துகொள்ளத் தக்கது.

இன்றைய வடிவம்

இன்றைய செவ்வியல் கிட்டாரின் வடிவம் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ டி தோரெஸ் (1817–1892) கையில் உறுதிப்பட்டது. உடலைப் பெரிதாக்கி, மேற்பலகையை மெலிதாக்கி, அதன் உட்புறத்தில் விசிறிபோல் விரியும் சட்டங்களை அவர் சீரமைத்தார். நாதத்துக்கு மேற்பலகையே முதன்மையானது என்று காட்ட, 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையால் செய்த கிட்டார் ஒன்றையும் உருவாக்கினார். பெயருக்கு மிகப் பொருத்தமான சான்று தோரெஸின் கருவியே. ஆயினும் ஆந்த்ரேஸ் செகோவியா 1937 முதல் பல ஆண்டுகள் வாசித்த புகழ்பெற்ற கிட்டார், ஜெர்மானியரான ஹெர்மன் ஹவுசர் செய்தது. குடல்நரம்புக்கு மாற்றாக நைலான் தந்தி வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே.

மதிப்பீடு

‘ஸ்பானிய கிட்டார் இசை’ என்றவுடன் நினைவுக்கு வரும் படைப்புகளும் இப்பெயரைச் சிக்கலாக்குகின்றன. அல்பேனிஸின் ‘அஸ்தூரியாஸ்’ பியானோவுக்கு எழுதப்பட்டது. 1940-இல் அரங்கேறிய ‘அரன்ஹுவெஸ் கான்செர்தோ’வின் ஆசிரியர் ரொத்ரிகோ பியானோ கலைஞர், கிட்டார் வாசித்தவர் அல்லர்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தலூசியாவில் உருவாகி, ஹிதானோ எனப்படும் ரோமா மக்களின் பெரும் பங்களிப்பால் வளர்ந்த ஃபிளமெங்கோவின் ஓசையை, முழு ஸ்பெயினின் அடையாளமாகவே பலர் கேட்கின்றனர். வேகமான தாளத் தட்டலும் படிப்படியாக இறங்கும் சுரவரிசையும் வந்தால் ‘ஸ்பானிய இசை’ என்று முத்திரை விழுகிறது. ஸ்பெயினின் பிற பகுதிகளின் இசை அதில் காணாமல்போகிறது. ஃபிளமெங்கோவை ஆக்கிய மக்களின் பெயரும் மறைகிறது. நாட்டின் பெயர் எல்லாருக்கும் பொதுவாகத் தோன்றினாலும், யாருக்கு உரிய பெருமை என்ற கேள்வியை அது மூடிவிடுகிறது.

பெயர்க்குழப்பம் மாணவரையும் பாதிக்கும். எஃகுக் கம்பிகளின் இழுவிசை நைலான் தந்திகளினுடையதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. இரண்டும் ‘ஸ்பானிஷ்’ தானே என்று நைலான் கிட்டாரில் எஃகுக் கம்பி பூட்டினால், தந்திகளைத் தாங்கும் குதிரை பெயர்ந்து மேற்பலகை வளையக்கூடும்.

எனவே, செவ்வியல் கிட்டார், ஃபிளமெங்கோ கிட்டார், ஐந்து இணைத் தந்திக் கிட்டார், எஃகுக் கம்பிக் கிட்டார் எனக் குறித்தெழுதுவதே விமர்சனத்துக்கு ஏற்றது. ‘ஸ்பானிய கிட்டார்’ என்னும் பெயரை விலக்க வேண்டியதில்லை. அது எந்தக் காலத்தில், எந்தக் கருவிக்கு எதிராகச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால், அப்பெயரே கிட்டார் வரலாற்றின் நல்ல சுருக்கமாக அமையும்.