சுவருக்கு உள்ளே: தில்லி ஆயுதக் கிடங்கு பற்றி ஒரு வாசிப்பு

தில்லி காஷ்மீரி கேட்டிலிருந்து செங்கோட்டைப் பக்கமாக லோதியன் சாலையில் நடந்தால், போக்குவரத்துக்கு நடுவே ஒரு பழைய வாசல் தனியாக நிற்கும். அதை ஒட்டிச் சுவர் கிடையாது. பஸ்ஸும் ஆட்டோவும் இரு பக்கமும் போய்க்கொண்டிருக்கும். என்னோடு வந்த நண்பர், "இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு, வாங்க போலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கோட்டை என்றால் அகழி, மதில், கொத்தளம் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். எம்.ஏ. வகுப்பில் புறத்திணை படித்த எனக்கும் கோட்டைப்போர் என்பது இரண்டு சொற்கள்தான்: வெளியே நின்று வளைப்பது உழிஞை, உள்ளே நின்று காப்பது நொச்சி. தொல்காப்பியர் இரண்டையும் உழிஞைக்குள் அடக்கினார், புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாக்கியது என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. உள்/வெளி என்ற இந்த எதிர்வே செல்லுபடியாகாத இடம் ஒன்று உண்டா என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. இந்த வாசல் அந்தக் கேள்வியைக் கேட்கிறது.

இது கிழக்கிந்தியக் கம்பெனியின் தில்லி ஆயுதக் கிடங்கின் வாசல். மீரட்டில் முந்தின நாள் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் 1857 மே 11 காலை யமுனையின் படகுப் பாலத்தைக் கடந்து தில்லிக்குள் வந்தார்கள். அப்போது தில்லியில் ஒரு வெள்ளைக்காரப் படைப்பிரிவுகூட இல்லை. இருந்த மூன்று காலாட்படைப் பிரிவுகளும் இந்தியச் சிப்பாய்களுடையவை. கிடங்கின் பொறுப்பிலிருந்த லெப்டினன்ட் ஜார்ஜ் வில்லோபி கதவுகளைச் சாத்தி முட்டுக்கொடுக்கச் சொன்னார். பிற்பாடு உயிர் தப்பிய லெப்டினன்ட் ஃபாரஸ்ட் அதே மாதம் எழுதிய அறிக்கையில் அன்றைய தற்காப்பு ஏற்பாடுகள் விவரமாக இருக்கின்றன. வாசல்களுக்கு உட்புறமாக, சிதறுகுண்டு இரட்டிப்பாக அடைத்த பீரங்கிகள். பக்கத்தில் எரியும் திரியோடு ஆள். எல்லாம் கைமீறினால் கிடங்கையே வெடிக்க வைக்க ஒரு மருந்துக்கோடு. பக்லி தலையிலிருந்து தொப்பியை எடுத்து உயர்த்தியதும் ஸ்கல்லி நெருப்பு வைக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பீரங்கி நிற்பது மதில்மேல் அல்ல, முற்றத்தில். அதன் வாய் கதவைப் பார்க்கிறது. அப்படியானால் கதவுக்கும் பீரங்கிக்கும் இடையில் நிற்பவர் யார்? வாயிற்காவலர். அவருடைய அன்றாட வேலையிடமே குண்டு பாயும் கோட்டில் வந்துவிடுகிறது. ஃபாரஸ்ட் அவர் பெயரைச் சொல்கிறார்: கரீம் பக்ஷ். வெளியே இருப்பவர்களோடு ஓயாமல் தொடர்பு வைத்து உள்நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். மறுபடி வாசல் பக்கம் போனால் சுட்டுவிடு என்று வில்லோபி உத்தரவிட்டாராம். வாயிற்காவலர் வாசலுக்குப் போனால் மரணம்!

அடுத்து நடந்தது கட்டடக்கலைப் புத்தகங்களில் வராத விஷயம். அரண்மனையிலிருந்து ஏணிகள் வந்தன, வெளிச்சுவரில் சாத்தப்பட்டன. உடனே கிடங்கின் இந்தியத் தொழிலாளர்கள் அத்தனை பேரும், மதிலின் உட்புறத்தை ஒட்டிக் கட்டியிருந்த சாய்வுக்கூரைக் கொட்டகைகள்மேல் ஏறி, அதே ஏணிகள் வழியாக வெளியே இறங்கிப் போய்விட்டார்கள். மதில் கட்டியவனின் மூளையில் வெளியிலிருந்து ஏறுகிறவன் மட்டும்தான் இருந்திருக்கிறான். வெளிப்பக்கம் ஏணி இல்லாமல் ஏற முடியாது. உள்பக்கம் கொட்டகைக் கூரையே படிக்கட்டு. அந்தக் கொட்டகைகளில் தினமும் உழைத்தவர்களுக்கு அதன் சாய்வு தெரியும். இவர்களை எந்தத் திணையில் வைப்பது? உள்ளே இருப்பதால் நொச்சியா, மனசு வெளியே இருப்பதால் உழிஞையா? இலக்கணம் மன்னனுக்கும் மன்னனுக்கும் நடக்கும் போருக்கு எழுதப்பட்டது. கோட்டைக்குள்ளே கூலி வாங்குகிறவனுக்கு அதில் துறை கிடையாது.

பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் கிடங்கு வெடித்தது. சுற்றிலும் ஏராளமானவர்கள் செத்தார்கள். ஆனாலும் அந்த ஆண்டு செப்டம்பர் 16 அன்று, தாங்கள் காத்த அதே மதிலைத் தங்கள் பீரங்கிகளாலேயே உடைத்துப் பிரிட்டிஷ் படை உள்ளே புகுந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் அங்கே மிச்சமிருந்தன.

இப்போது வாசலிலிருக்கும் கல்வெட்டுகளுக்கு வருகிறேன். பிரிட்டிஷ் இந்திய அரசு வைத்த பலகை, ஒன்பது ஆங்கிலேயர் நாலு மணி நேரத்துக்கு மேல் கலகக்காரர்களை எதிர்த்து நின்றதைப் பெயர்களோடு பாடுகிறது. சுதந்திரத்துக்குப் பின் சேர்த்த பலகை அதைத் திருத்துகிறது: மேலே கலகக்காரர் என்று சொல்லப்பட்டவர்கள் கம்பெனியின் படையைச் சேர்ந்தவர்கள், அந்நிய ஆட்சியைத் தூக்கியெறிய முயன்றவர்கள். நல்லது, திருத்த வேண்டியதுதான். ஆனால் இரண்டு பலகையையும் ஒரே பிரதியாகப் படித்துப் பாருங்கள். முதல் பலகையின் ஒன்பது என்ற எண்ணிக்கையே உள்ளேயிருந்த தொழிலாளர்களைக் கழித்துப் போட்ட எண்ணிக்கை. இரண்டாவது, எதிர்த்தவர்களை எல்லாம் படைவீரர்களாக்கிவிடுகிறது. கூரையேறிப் போன கூலிக்காரர்களும் வாயிற்காவலரும் இரண்டிலும் இல்லை. ஏகாதிபத்தியச் சொல்லாடலும் தேசியச் சொல்லாடலும் கைகுலுக்கும் இடம் இது. கரீம் பக்ஷின் பெயர் நமக்குக் கிடைப்பது, அவரைச் சுடச்சொல்லி உத்தரவு வாங்கியவரின் அறிக்கையில்தான். அதிகாரத்தின் ஆவணத்தைத் திருப்பி வாசிக்காமல் கிளர்ந்தெழுந்தவனின் தடம் கிடைக்காது என்று ரணஜித் குஹா சொன்னதன் அர்த்தம் இதுதான்.

ஆட்சியாளர்களுக்கு இந்தப் பாடம் நம்மைவிடச் சீக்கிரம் புரிந்தது. சரியாகச் சொன்னால், ஐம்பது வருஷம் தாமதமாகப் புரிந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூரில், அகழியும் மதிலும் எல்லாம் பத்திரமாக இருக்க, கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள்தான் எழுந்தார்கள். ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் படையைத் தடுத்து நிறுத்தியதுதான் அன்று அந்தக் கதவுகள் செய்த வேலை. 1857க்குப் பிறகு செங்கோட்டையைச் சுற்றியிருந்த கட்டடங்களை இடித்துக் குண்டு பாய வெட்டவெளி உண்டாக்கினார்கள். லாகூர் ரயில் நிலையத்தைத் துப்பாக்கித் துளைகளோடு கோட்டை மாதிரியே கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பீரங்கிப் படையை ஏறக்குறைய முழுவதும் வெள்ளைக்காரர் கையில் வைத்துக்கொண்டார்கள். வங்காளப் படையில் இரண்டு இந்தியருக்கு ஒரு வெள்ளைக்காரர் என்று விகிதம் போட்டார்கள். செங்கல் சுவர் போதாதென்று மனிதர்களுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். இராணுவக் கட்டடக்கலை என்று எழுதுகிறவர்கள் அந்த விகிதத்தையும் ஒரு வரைபடமாகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

நண்பர் மறுபடி அவசரப்படுத்தினார். சுவர் போய்விட்டது, கொட்டகை போய்விட்டது. வாயிற்காவலர் நின்ற வாசல் மட்டும் இருக்கிறது. மூன்றாவது பலகை ஒன்று வை என்று அரசிடம் மனுப்போடச் சொல்லவில்லை. இருக்கிற கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்கள், மதில் எவ்வளவு உயரம் என்று கேட்பதோடு, உள்ளே வேலை செய்தவர்கள் எந்த வழியாக வெளியே போனார்கள் என்றும் கேட்கட்டும்.