பெப் 581: பைத்தானின் வழுப் பதிவேடு இடம்மாறிய விவாதம்

பைத்தான் நிரல்மொழியின் வழுக்களைப் பதியும் இடத்தை கிட்ஹப்புக்கு மாற்ற வேண்டும் என்று 2018 ஜூனில் மரியாட்டா விஜயா எழுதிய முன்மொழிவே பெப் 581. இதை மறுத்து எசியோ மெலொட்டியும் பெர்க்கர் பெக்சாகும் 2019 மே மாதம் எழுதியது பெப் 595. திறமூலத் திட்டம் ஒன்று தன் கருவியை மாற்றலாமா என்று எண்ணும்போது இவ்விரு ஆவணங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2007 முதல் பைத்தான் பயன்படுத்தியது ரவுண்டப் என்னும் மென்பொருள். அதுவும் பைத்தானில் எழுதப்பட்டதுதான். அதற்கு முன் வழுக்கள் சோர்ஸ்ஃபோர்ஜில் இருந்தன. ஆக இது முதல் இடமாற்றம் அன்று. 2017இல் மூலநிரல் கிட்ஹப்புக்குப் போய்விட்டது, வழுக்கள் மட்டும் பழைய இடத்திலேயே தங்கின.

விஜயாவின் வலுவான வாதம் வசதி பற்றியதன்று, ஆள் பற்றியது. ரவுண்டப்பைப் பராமரிக்க மிகச் சிலரே இருந்தனர். முகப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை, செய்யத்தான் ஆளில்லை. புதியவர் பக்கமும் இதில் உண்டு: நெம்மேலியிலிருந்து முதல்முறையாக ஒரு வழுவை அறிவிக்க வரும் மாணவரிடம் பெரும்பாலும் கிட்ஹப் கணக்கு இருக்கும், அறியாத தளத்தில் இன்னொரு கணக்கு தொடங்கச் சொன்னால் பாதி பேர் திரும்பிவிடுவர்.

பெப் 595 வேறு இடத்தில் அழுத்துகிறது. ஒரு வழுவோடு தொடர்புடையோர் பட்டியல், எந்த வழு எதைச் சார்ந்தது என்ற குறிப்பு, திட்டம் தானே வகுத்த புலங்கள் ஆகியவை ரவுண்டப்பில் இருந்தன. கிட்ஹப்பில் அன்று இல்லை. ஒரே நிறுவனத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது குறித்த அச்சமும் இருந்தது. மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை வாங்கப்போவதாக அறிவித்தது அதே 2018 ஜூனில்தான். 2019 ஜூலையில் அமெரிக்கத் தடைகளால் ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டபோது அந்த அச்சம் வெறும் கற்பனை அன்று என்பது தெரிந்தது.

பெப் 581 அதற்கு முன்பே, 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்டுவிட்டது. பெப் 595 திரும்பப் பெறப்பட்டது. ஆனால் இடமாற்றம் முடிந்தது 2022 ஏப்ரலில். இந்த மூன்றாண்டு இடைவெளியே பெப் 581 மீதான கடுமையான விமர்சனம். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை எப்படிக் கொண்டுசெல்வது என்பதை அது பெப் 588 என்ற தனி ஆவணத்துக்குத் தள்ளிவிட்டது. செலவைக் கணக்கிடாமல் முடிவெடுத்தது போல்தான் இது. மாற்றத்தின்போது பழைய எண்களுக்குப் பதில் புதிய எண்கள் வந்தன. ரவுண்டப்பின் புலங்கள் ஒவ்வொரு பதிவின் தலையிலும் அட்டவணையாக ஒட்டப்பட்டன. படிக்கலாம், ஆனால் முன்போல் புலவாரியாகத் தேட முடியாது.

மறுப்பாளரின் ஆவணத்திலும் குறை உண்டு. ரவுண்டப்பில் செய்யக்கூடிய மேம்பாடுகளை அது நேர்மையாக அடுக்குகிறது, எனினும் பராமரிப்பாளர் பற்றாக்குறைக்கு அதன் விடை போதாது. கருவி சிறந்தது என்று காட்டுவது ஒன்று, அதை ஓட்டும் கைகளைக் காட்டுவது வேறு. கடைசியில் இடமாற்றப் பணியை முன்னின்று நடத்தியவர் மெலொட்டியே. எதை இழக்கப்போகிறோம் என்று விரிவாக எழுதி வைத்திருந்தவரிடமே அப்பணி போனதால், பழைய பதிவு எண்கள் இன்றும் புதிய இடத்துக்கு வழிகாட்டுகின்றன.