‘சென்னா’: காட்சியும் தீர்ப்பும்

திரைப்பட வட்டமொன்று மோட்டார்ப் பந்தய விவரணப்படத்தைத் திரையிட விழையுமாயின், ஆசிப் கபாடியாவின் ‘சென்னா’ (2010) முதலில் நினைவில் எழுவது வியப்பன்று. பந்தய நுட்பம் அறியாதாரையும் அது இருக்கையில் இருத்திவிடும். செவ்விகாண்போர் முகங்களைத் திரையில் நிறுத்தாது, அக்காலத்திற் பிடிக்கப்பட்ட காட்சிகளாலேயே பிரேசில் நாட்டுச் சாரதி அயர்ட்டன் சென்னாவின் வாழ்வு கோக்கப்பட்டுள்ளது. 1994 மே 1இல் இத்தாலியின் இமோலாவில் அவர் ஓட்டிய இறுதிச் சுற்றைக் காரிற் பொருத்திய கமெராவின் வழியே காண்கையில், முடிவை அறிந்திருந்தும் அவை மூச்சடக்கி நிற்கும்.

எனினும், பழைய காட்சி என்பதனாலேயே அது நடுநிலையாகிவிடாது. வெட்டுதலும் ஒட்டுதலும் தீர்ப்பளித்தலே. 1989இல் யப்பானின் சுசூக்காவில், பிரெஞ்சுச் சாரதி அலன் புரோஸ்ற்றுடன் மோதுண்ட பின்னரும் முதலாவதாக வந்த சென்னா தகுதிநீக்கப்பட்டமை பேரநீதியாக விரிக்கப்படுகிறது. மறுவருடம் அதே களத்தில் அவர் புரோஸ்ற்றை மோதியமையோ அவ்வநீதிக்கான பதிலாகச் சுருங்கிவிடுகிறது. அம்மோதல் வேண்டுமென்றே நிகழ்ந்ததென்பதைச் சென்னாவே 1991இல் ஒப்புக்கொண்டவர். நாயகனுக்கு ஒரு பகைவன் தேவைப்பட்டான். புரோஸ்ற் அவ்வேடத்தைத் தாங்கலானார். தாம் சித்திரிக்கப்பட்ட விதம்பற்றி அவர் பின்னர் அதிருப்தியுற்றதில் நியாயமுண்டு. சென்னாவின் பெயரிலமைந்த அறக்கட்டளையில் அவர் நம்பிக்கைப் பொறுப்பாளரானமை படத்தின் இறுதியில் ஒரு வரியாக மட்டுமே வருகிறது. அவ்வரி தோன்றும்போது அவையிற் பாதி எழுந்துவிட்டிருக்கும்.