ஒலாம்ப் து கூஜின் பெண்ணுரிமைப் பிரகடனம்: 11-ஆம் பிரிவை முன்வைத்து

1789 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தேசியப் பேரவை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனம் 17 பிரிவுகளைக் கொண்டது. 1791 செப்டம்பரில் ஒலாம்ப் து கூஜ் வெளியிட்ட பெண்ணுரிமைப் பிரகடனமும் 17 பிரிவுகளால் அமைந்தது. இவ்வொப்புமை பற்றி, முன்னதில் ‘ஆண்’ நின்ற இடங்களில் ‘பெண்’ணைச் சேர்த்தெழுதிய பிரதியே பின்னது எனக் கொள்வாருமுளர்.

11-ஆம் பிரிவு இக்கருத்துக்கு இடந்தரவில்லை. பேரவையின் பிரகடனத்தில் இப்பிரிவு பேச்சு, எழுத்து, அச்சு ஆகியவற்றின் சுதந்திரத்தைப் பொதுநிலையில் உரைக்கிறது. கூஜோ அச்சுதந்திரத்தை, தன் குழந்தையின் தந்தை இன்னாரெனப் பெண் வெளிப்படக் கூறும் உரிமையாக விளக்குகிறார். மணமின்றித் தாயானவளின் குழந்தைக்குத் தந்தையின் பெயரும் சொத்தும் எளிதில் வாய்க்காத சமூகம் அது. அங்கே ‘கருத்துச் சுதந்திரம்’ என்னும் அருவச் சொல்லுக்கு அவர் காட்டும் முதற்பொருள் இதுவே. (தாம் ஒரு பிரபுவுக்கு மணவுறவின்றிப் பிறந்தவர் எனக் கூஜ் கூறிவந்தது உண்மை, அதுகொண்டு இப்பிரிவைத் தன்வரலாறாகச் சுருக்குதல் பொருந்தாது.) சொற்களை மாற்றியதனால் மட்டும் இப்பொருள் பிறந்திராது.

பிரகடனம் அரசி மரி அந்துவானெத்துக்கு உரிமையாக்கப்பட்டிருப்பது அதன் அரசியல் எல்லையைக் காட்டுகிறது. இதை மறைத்து அவரைப் போற்றுவதில் பயனில்லை.

1793 அக்டோபர் 30-இல் பெண்கள் கழகங்கள் தடைசெய்யப்பட்டன. நான்கு நாட்களில், நவம்பர் 3-இல், கூஜ் கில்லட்டினுக்கு இரையானார். அவர்மீதான வழக்குக்கு அடிப்படையானது பெண்ணுரிமைப் பிரகடனமன்று. ஆட்சிமுறையை மக்களே வாக்களித்துத் தெரிவுசெய்ய வேண்டுமென அவர் அச்சிட்ட சுவரொட்டி. பேரவைப் பிரகடனத்தின் 11-ஆம் பிரிவு உறுதியளித்திருந்ததும் அந்த அச்சுச் சுதந்திரத்தையே.