முக்கூடற்பள்ளின் மழைக்குறிகள்: வானம் பார்ப்போர் நோக்கில் ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

பள்ளு நூல்களுள் பெரிதும் பயிலப்படுவது முக்கூடற்பள்ளு. 17ஆம் நூற்றாண்டினதாகப் பலரும் கருதும் இந்நூலில், ஆற்றில் புதுவெள்ளம் வரவிருப்பதற்கான அறிகுறிகளை அடுக்கிச் சொல்லும் சிந்துப் பாடல், பாடநூல்களிலும் மேடைகளிலும் அடிக்கடி எடுத்தாளப்படுவதாகும். எடுத்தாள்வோர் இரு வகையினர். ஒரு சாரார் அதன் ஓசை நயத்தை வியந்து, நாட்டுப்புற மெட்டின் துள்ளலைச் சுட்டி அமைவர். மற்றொரு சாரார், தமிழர் வானிலை அறிவியலில் அன்றே சிறந்திருந்தனர் என்பதற்கு இதனைச் சான்றாக்குவர். பாடல் கூறும் குறிகள் எவை, அவை எத்திசையில், எப்பருவத்தில், எதற்குக் குறியாயின என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்போர் மிகச் சிலர். பாராட்டு மிகுந்து வாசிப்புக் குறைந்த பாடல்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

வானிலைத் துறையில் பயிற்சி பெறாது, தம் ஆர்வத்தால் நாள்தோறும் முகிலையும் காற்றையும் பார்த்துக் குறித்து வைப்போர் இன்று உலகெங்கும் உள்ளனர். அவர்கள் முதலில் கேட்கும் வினாக்கள் மிக எளியவை: எந்த ஊரிலிருந்து பார்த்தாய்? எந்தத் திசை? என்ன நேரம்? இவ்வினாக்களை இலக்கியத்தின்மேல் எழுப்பினால் என்ன கிடைக்கும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இரு திசை மின்னல்

பாடலின் முதற்குறி மின்னல். மலையாள நாட்டுப் பக்கமும் ஈழத்துப் பக்கமும் சூழ்ந்து மின்னுவதால் நாளை ஆற்றில் வெள்ளம் வரும் என்பது அதன் கருத்து. வகுப்பில் இப்பாடலை நடத்தும்போது மலையாளம் எத்திசை என்று கேட்டால், நம் மாணவருள் பலர் சற்றே திகைப்பர். ஒரு சிலர் வடக்கு என்பர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. உரைகளும் இரு நாட்டுப் பெயர்களைச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுகின்றன. ஆனால் திசையை அறியாமல் இக்குறியை விளங்கிக்கொள்ள இயலாது.

முக்கூடல் என்பது திருநெல்வேலிக்குக் கிழக்கே, தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கூடும் சீவலப்பேரிப் பகுதி. தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, கிழக்கு நோக்கி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடி மன்னார் வளைகுடாவிற் கலப்பது. சிற்றாறு குற்றால மலையினின்று வருவது. ஆகவே முக்கூடலில் நிற்பவனுக்கு மலையாள மின்னல் என்பது மேற்கே, மலைத்தொடரின்மேல் தோன்றும் மின்னல். ஈழ மின்னல் என்பது கிழக்கும் தென்கிழக்குமாகக் கடற்பக்கம் தோன்றுவது. மலைத்தொடர் அங்கிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. இரவு வேளையில் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் ஒளி தெரியக்கூடும். இடியோசை பெரும்பாலும் இருபது கிலோமீட்டரைத் தாண்டிக் கேட்பதில்லை. இடியில்லாமல் மின்னும் மேற்றிசை வானம், கண்ணுக்கு எட்டாத மலையில் மழை பொழிகிறது என்பதன் செய்தியாகிறது.

இங்கு ஒரு நுட்பம் நோக்கற்பாலது. பாடல் நாளை மழை வரும் என்று கூறவில்லை. ஆற்றில் வெள்ளம் வரும் என்றே கூறுகிறது. மழை பெய்யும் இடம் வேறு, வெள்ளம் வரும் இடம் வேறு. மலையிற் பெய்த நீர் கால்வழியாகத் திரண்டு சமவெளியை அடைய ஆகும் நேரமே ‘நாளை’ என்னும் சொல்லுக்குள் அடங்கியுள்ளது. ஆற்றின் தலைப்பகுதியையும் தம் ஊரையும் ஒரே பார்வைக்குள் வைத்துக் கணித்தவரின் கூற்று இது. இதனை ஓசைக்காக அமைந்த அடி என்று கொள்வது பாடலைச் சிறுமைப்படுத்துவதாகும்.

பருவத்தையும் இம்மின்னல் ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் ஆனி, ஆடித் திங்களில் மலையாளக் கரையில் மழை மிகும். மின்னல் அக்காலத்தில் குறைவு. மின்னலும் இடியும் மிகுவது அப்பருவத்திற்கு முன்னும், அது ஓய்ந்தபின் வரும் ஐப்பசியை ஒட்டியும். மலையாளிகள் துலாவர்ஷம் என்று வழங்குவது இவ்வைப்பசி மழையையே. அதே காலத்தில்தான் கீழைக் கடற்பக்கமும் வடகிழக்குப் பருவக்காற்றால் முகில் கட்டத் தொடங்கும். மேற்கும் கிழக்கும் ஒருங்கே மின்னும் காலம் என்றால், ஐப்பசியை ஒட்டிய நாள்களே பெரிதும் பொருந்தும். திருநெல்வேலிப் பகுதியின் கார், பிசானம் என்னும் இரு போகங்களுள் பிசானத்திற்கு நீர் வேண்டிய காலமும் அதுவே. பாடலிற் பேசப்படும் வெள்ளம் பிசானப் போகத்திற்குரியது என இதனால் உய்த்துணரலாம். இது முடிந்த முடிபன்று. நூலின் பிற்பகுதியில் வரும் உழவு, விதைப்புச் செய்திகளோடு ஒப்பிட்டு உறுதி செய்யவேண்டிய ஒன்று.

பிற குறிகள்

மின்னலை அடுத்துப் பாடல் காற்றுக்கு வருகிறது. மரக்கொம்புகளைச் சுற்றி நேற்றும் இன்றுமாகக் காற்று வீசுகிறது என்பதில், காற்றைக் காட்டிலும் ‘நேற்றும் இன்றும்’ என்னும் கால அளவே மதிப்புடையது. ஒரு நாளைக் காற்றைக் கொண்டு எதுவும் சொல்ல இயலாது என்பது வானம் பார்ப்போர் அனைவரும் அறிந்தது.

கிணற்றுத் தவளையின் குரலும், நண்டு சேற்றால் வளையை அடைப்பதும் அடுத்து வருகின்றன. இவற்றை மின்னலோடு ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. தவளை ஈரக்காற்றுக்குக் குரல் கொடுக்கும். மழை தொடங்கிய பின்னும் கொடுக்கும். வருவதை அறிவிப்பதைவிட வந்துகொண்டிருப்பதை உணர்த்தும் குறி அது. வயல் நண்டு வறட்சியில் ஈரத்தைக் காக்கவும் வளையை அடைப்பதுண்டாதலால், அக்குறி இருபொருள் படுவது. வானம்பாடியோ மழைத்துளியை உண்டு வாழ்வது என்னும் இலக்கிய மரபோடு வருவது. ஆகக் கண்டறிந்ததும் கேட்டறிந்ததும் மரபாக வந்ததும் இப்பாடலில் கலந்தே உள்ளன. அனைத்தும் அறிவியல் என்போர் இக்கலப்பைக் காண்பதில்லை. அனைத்தும் மரபு என்போர் முதலடியில் உள்ள ஆற்றின் கணக்கைக் காண்பதில்லை.

குறிகளின் வரிசையும் எண்ணத்தக்கது. நாடு கடந்த வானம், பக்கத்து மரம், ஊர்க் கிணறு, காலடிச் சேறு எனத் தொலைவிலிருந்து அண்மைக்கு இறங்கிவந்து, இறுதியில் பறவையோடு மீண்டும் வானேறுகிறது பாடல். வயலில் நிற்கும் உழைப்பாளியின் கண் செல்லும் வழி இது. பண்ணைக்காரனின் ஏவலுக்கும் ஆற்றின் போக்கிற்கும் இடையே வாழும் பள்ளனுக்கு, இவ்விரண்டனுள் முன்கூட்டி அறியக்கூடியது ஆறு ஒன்றே.

இக்குறிகளின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் குமரிக்கடற் பகுதியில் நிலவிய காற்றுச் சுழற்சியால் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மிகுதியாகப் பதிவாயிற்று. தாமிரபரணியில் வெள்ளம் பெருகியது. ஆற்றின் தலைப்பகுதியோடு கடலோரச் சமவெளியும் மூழ்கியது. மலையில் பெய்து மறுநாள் சமவெளிக்கு வரும் வெள்ளம் என்னும் பள்ளின் கணக்கு அங்கே செல்லாது. அது பழகிய ஆற்றுக்கும் பழகிய பருவத்துக்கும் உரிய அறிவு.

வம்ப மாரியும் கார்காலமும்

முகிலைத் தவறாகப் படிக்க இயலும் என்பதைப் பழந்தமிழ்ப் புலவர் நன்கறிந்திருந்தனர். குறுந்தொகையின் 66ஆம் பாடலில், பருவமல்லாப் பருவத்தில் பெய்த மழையைக் கார் என்று மயங்கிக் கொன்றை பூத்துவிட்டதாகத் தோழி கூறுகிறாள். தலைவன் குறித்த பருவம் வந்தும் அவன் வரவில்லையே என்று வருந்தும் தலைவியை ஆற்றுவிக்கும் கூற்று அது. தோழி பொய் கூறுகிறாளா, மெய் கூறுகிறாளா என்று வாதிடுவது நம் திறனாய்வு வழக்கம். அதைவிட முதன்மையானது, வம்ப மாரிக்கும் கார்மழைக்கும் வேறுபாடு உண்டு என்பதும், ஒரே மழையைக் கொண்டு அதனைத் துணிய இயலாது என்பதும் அன்றைய கேட்போருக்குத் தெரிந்திருந்தன என்பதாகும். அது தெரியாத அவையில் தோழியின் கூற்று எடுபட்டிராது.

முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் எனத் தொல்காப்பியம் வகுத்த பெரும்பொழுது சிறுபொழுதுகளை மாணவர் மனனம் செய்கின்றனர். வானத்தோடு அவற்றைப் பொருத்திப் பார்ப்பதில்லை. கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். அக்காலத்தில் தமிழகத்தின் உள்நாட்டுப் பகுதிகளில் பெய்யும் மழை, பகல் வெப்பத்தால் முகில் திரண்டு மாலையிலும் முன்னிரவிலும் இடியோடு இறங்குவது. முல்லைப்பாட்டு தொடக்கத்திலேயே கடல்நீரைப் பருகி மலையேறிய முகிலை மாலைப்பொழுதோடு சேர்த்துக் காட்டுகிறது. கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். அப்பருவத்து மழை இரவிலும் விடியலுக்கு முன்னும் நின்று பெய்யும் இயல்புடையது. நெடுநல்வாடையின் குளிர்ந்த நள்ளிரவு அவ்வானத்தின் கீழ் விரிவது. இப்பொருத்தத்தைக் கொண்டு இலக்கணம் வானிலையிலிருந்து பிறந்தது என்று கூறிவிடலாகாது. கண்ணால் கண்ட பொழுதுகளோடு முரணாத மரபு என்ற அளவில் கொள்ளலாம், அதுவே சிறப்பானது.

இதற்கு மாறானதும் உண்டு. வெள்ளிக்கோள் தென்றிசை சென்றால் மழை பொய்க்கும் என்னும் நம்பிக்கை பட்டினப்பாலை, புறநானூறு, சிலப்பதிகாரம் ஆகியவற்றில் மீண்டும் மீண்டும் வருகிறது. வெள்ளி வடக்கும் தெற்குமாக இயங்குவது கண்கூடு. அவ்வியக்கத்திற்கும் மழைக்கும் காரணத் தொடர்பு இல்லை. கண்டது சரி, முடிபு பிழை. மின்னலையும் வெள்ளியையும் ‘பண்டைய வானியல் அறிவு’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடுக்கும் ஆய்வேடுகள் நம்மிடையே பெருகியுள்ளன. பிழையைப் பிழையென்று சொல்லத் துணியாதவரின் பாராட்டு, மெய்யான நுட்பத்தையும் ஐயத்திற்குள்ளாக்கிவிடும்.

பயிற்சி பெறாதார் பார்வை

முகிலுக்கு இன்று உலகம் வழங்கும் பெயர்களுக்கு வித்திட்டவர் தொழில்முறை வானிலையாளர் அல்லர். இலண்டனில் மருந்துச் சரக்கு வணிகராகவும் வேதியியலாராகவும் இருந்த லூக் ஹோவர்ட் 1802இல் ஒரு சிறு அறிவுக்கழகத்தில் படித்த கட்டுரையில் சிரஸ், கியுமுலஸ், ஸ்ட்ராடஸ், நிம்பஸ் என்னும் இலத்தீன் பெயர்களை முன்வைத்தார். ஜெர்மானியக் கவிஞர் கதே அவரைப் போற்றிக் கவிதை எழுதினார். 2017இல் உலக வானிலை அமைப்பு தன் முகில் வரைபடத் தொகுப்பில் ‘ஆஸ்பெரிடாஸ்’ என்னும் புதுவகையைச் சேர்த்ததற்கும், ஆர்வலர் பலர் ஆண்டுக்கணக்கில் எடுத்து அனுப்பிய நிழற்படங்களே தூண்டுகோல்.

தமிழிலோ முகில், மஞ்சு, எழிலி, கொண்டல், கார் எனச் சொல்வளம் மிகுதி. நிகண்டுகள் இவற்றை ஒருபொருட் பன்மொழியாகத் தொகுத்தன. அத்தொகுப்பு செய்யுள் இயற்றுவோர்க்கு உதவிற்று. வேறுபாடு காண்போர்க்கு உதவவில்லை. கொண்டல் என்பது முகிலுக்கும் பெயர், கீழ்க்காற்றுக்கும் பெயர். சோழ மண்டலக் கரையில் முகிலைக் கொணர்வது அக்காற்றே என்பதை நினைத்தால், ஒரு சொல் இரண்டுக்கும் ஆனது தற்செயலாகத் தோன்றவில்லை. மலைமேற் படியும் மஞ்சையும் கடலிலிருந்து வரும் கொண்டலையும் பாடல்தோறும் பிரித்துப் பார்க்கும் ஆய்வு, சொல்லகராதிக்கும் பயன்படும்.

இந்நாட்டு வானம்

மலேசியத் தமிழ்க் கவிதைகளில் கார்காலமும் ஐப்பசி அடைமழையும் தடையின்றி வருகின்றன. இந்நாட்டின் வானம் வேறு. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையை நனைக்கும். தமிழ்த் தோட்டங்கள் மிகுந்திருந்த மேற்குக் கரையில், ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை மிகும். அவற்றோடு மலாக்கா நீரிணையைக் கடந்து மேற்கிலிருந்து விடியலுக்கு முன் வந்து அறையும் புயற்காற்று மழையும் உண்டு. அது வரும் திசையை வைத்து அதற்குச் ‘சுமத்திரா’ என்றே பெயர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அது வருவது வழக்கம். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும்.

விடியலுக்கு முந்திய அவ்வேளை, பால்மரம் சீவுவோர் பெரட்டுக்குக் கிளம்பும் வேளை. குளிர்ந்த காலைப்பொழுதிலேயே பால் நன்கு வடியும், பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிலிருந்து வழிந்து வீணாகும், சீவ இயலாது. வேலையில்லாத நாளில் கூலியும் இல்லை. ஆகவே இருட்டில் எழுந்து மேற்கு வானைப் பார்ப்பது தோட்டத் தொழிலாளிக்குப் பொழுதுபோக்கன்று. முக்கூடற் பள்ளனுக்கு மலையாள மின்னல் எதுவோ, அதுவே இவர்களுக்கு நீரிணைக்கு மேல் தோன்றிய மின்னல். ஒருவன் வெள்ளத்தை எதிர்நோக்கினான். மற்றவர் மழை ஒதுங்கவேண்டும் என்று நோக்கினர்.

தோட்ட வாழ்வைப் பாடும் நம் இலக்கியத்தில் மழை பெரும்பாலும் துயரத்தின் பின்னணியாக வருகிறது. ஒழுகும் கூரையாக, நனைந்த விறகாக வருகிறது. அது எத்திசையிலிருந்து, எந்த நேரத்தில் வந்தது என்பதைத் தேடி அப்படைப்புகளை மீண்டும் படிக்கவேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்த பின், அவ்வானத்தைப் பார்த்தவர்கள் அடுக்குமாடி வீடுகளில் முதுமையில் உள்ளனர். இத்துறை மாணவர் கள ஆய்வுக்குச் செல்கையில் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்து திரும்புகின்றனர். அவற்றோடு இன்னும் சில வினாக்களைக் கேட்டு எழுதிவரலாம்: எழுந்ததும் எப்பக்கம் பார்ப்பீர்கள்? மேற்கே மின்னினால் என்ன சொல்வீர்கள்? எந்த முகிலைக் கண்டால் பெரட்டுக்குப் போகாமல் படுத்துவிடுவீர்கள்? அந்த முகிலுக்கு நீங்கள் வைத்திருந்த பெயர் என்ன?